மல்லாந்து படுத்தவர் பார்க்கும் மருத்துவமனை

ஐ ட்ராக்கிங் எனப்படும் பார்வைத் தடமறிதல், ஒருவருடைய கண் எந்த நொடியில் எதன் மீது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, அடுத்து எங்கே தாவியது என்பதைக் கருவி கொண்டு பதிவு செய்யும் முறை. வாசிப்பு, விளம்பரம், வாகனம் ஓட்டுதல் ஆகியவற்றை ஆராய நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த இந்த முறை இப்போது மருத்துவமனைக்குள்ளும் நுழைந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு வந்தவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி போன்ற கருவியை மாட்டிவிடுகிறார்கள். அட்மிஷன் முதல் ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரையிலும், பிறகு வார்டுக்குத் திரும்பிய பின்னும் அவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்காமல் விடுகிறார் என்று அறிவதே இதன் நோக்கம்.

இது ஏன் தேவைப்படுகிறது என்பதற்குத் திருச்சியே போதுமான சான்று. புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கும், தில்லைநகர், தென்னூர் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளுக்கும் புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர், கரூர் வட்டாரங்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். குடலிறக்கம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை நீக்கம், எலும்பு முறிவு, சிசேரியன் என்று எதற்காக வந்தவராக இருந்தாலும், டிஸ்சார்ஜ் அன்று “எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் “நல்லா பாத்துக்கிட்டாங்க” என்பதுதான். அது பொய் அல்ல. உயிர் பிழைத்து வீடு திரும்புகிறவரின் நன்றி அது. அதோடு, தையல் பிரிக்கவும் காட்டிவிட்டுப் போகவும் அதே இடத்துக்குத்தான் அவர் மறுபடி வரவேண்டும். அந்த நிலையில் யாரும் குறை சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள்.

நோயாளியின் அனுபவத்தை அறிய மருத்துவமனைகள் இதுவரை நம்பி வந்தது கேள்வித்தாளைத்தான். அமெரிக்காவில் 2006 முதல் நாடு முழுவதும் ஒரே மாதிரியான கணக்கெடுப்பு நடக்கிறது. இந்தியாவில் 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் ‘மேரா அஸ்பதால்’ என்ற கருத்தறியும் திட்டத்தைத் தொடங்கியது. வீடு திரும்பிய நோயாளியைக் கைபேசி வழியே கேட்கும் ஏற்பாடு அது. இவற்றால் பயன் உண்டு. ஆனால், நினைவிலிருந்து மட்டுமே பதில் சொல்ல முடியும் என்பது இவற்றின் பெரிய குறை. அறுவை நோயாளியிடம் நினைவே ஓட்டை விழுந்தது. தியேட்டருக்குப் போகும் முன் பதற்றம் தணியக் கொடுக்கப்படும் மிடாசோலம் போன்ற மருந்துகள், அதற்குப் பிறகு நடப்பதை மனத்தில் பதியவிடாமல் செய்யும் தன்மை கொண்டவை. மருந்தே இல்லாத நிலையிலும் மறதி அதிகம். மருத்துவர்கள் சொல்லும் தகவல்களில் 40 முதல் 80 விழுக்காடு உடனடியாக மறந்துபோகிறது என்று நெதர்லாந்து உளவியலாளர் ராய் கெசல்ஸ் 2003இல் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது.

நோயாளியின் பக்கத்துக் கதை பதிவாகாமல் போவது இன்று தோன்றிய வழக்கம் அல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோயிலை ஒட்டி நடந்த ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், சல்லியக்கிரியை (அறுவை) செய்யும் ஒருவர், மருந்து தரும் பெண்கள், ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர் என்று அத்தனையும் கல்லில் இருக்கிறது. திருவரங்கம் கோயிலிலும் ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. படையெடுப்பில் அழிந்த அதைக் கருடவாகன பட்டர் என்பவரின் மரபில் வந்த ஒருவர் மீண்டும் எழுப்பி, தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தன்வந்திரி சந்நிதி இன்றும் அங்கே உண்டு. கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன என்பதெல்லாம் இவற்றால் தெரிகிறது. அந்தப் படுக்கையில் கிடந்தவர் எதைப் பார்த்து அஞ்சினார், எதைப் பார்த்துத் தேறினார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. இன்றைய கேஸ் ஷீட்டும் அப்படித்தான். நாடித்துடிப்பும் காய்ச்சலும் மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கும். நோயாளி கண்ட மருத்துவமனை அதில் இருக்காது.

கருவி செயல்படும் விதத்தைப் புரிந்துகொள்ளக் கண்ணின் இயல்பு தெரிந்தால் போதும். விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழியில்தான் கூர்மையான பார்வை அமைகிறது. அது காணும் பரப்பு சுமார் 2 பாகை மட்டுமே. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மறைக்கும் அகலம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் ஓரிடத்தில் கால் நொடி அளவு நின்று, அடுத்த இடத்துக்குத் தாவி, மறுபடி நிற்கிறது. நொடிக்கு மூன்று தடவை போல இது நடக்கிறது. வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவித்தான் போகிறது என்பது 1870களின் இறுதியில் பாரிசில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வகத்தில் கவனிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இதை அளக்கக் கண்ணோடு ஒட்டும் பொருள்களைப் பொருத்திச் சோதனைக்கு உட்பட்டவர்களை வதைத்தார்கள். இன்று அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடிச் சட்டத்தில் பதித்த சிறு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அந்த ஒளி கருவிழியின் மேல்பரப்பில் ஒரு புள்ளியாக மின்னுகிறது. அந்தப் புள்ளிக்கும் கண்மணியின் நடுவுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு பார்வையின் திசை கணக்கிடப்படுகிறது. சட்டத்தின் முன்பக்கக் கேமரா எதிரே உள்ள காட்சியைப் படம் பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்தால், நோயாளி பார்க்கும் காட்சியின் மேல் அவருடைய பார்வை ஒரு வட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கும் வீடியோ கிடைக்கும். சுவீடனின் டோபி, பெர்லினின் பியூப்பில் லேப்ஸ் ஆகிய நிறுவனங்கள் இத்தகைய கண்ணாடிகளைச் செய்கின்றன.

பார்வைக்கும் மனத்துக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டியவர் சோவியத் அறிவியலாளர் ஆல்பிரட் யார்பஸ். 1967இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு சோதனை இருக்கிறது. எதிர்பாராமல் வீடு திரும்பிய ஒருவரை ஒரு குடும்பம் பார்த்துத் திகைக்கும் ரேப்பினின் ஓவியத்தை ஒரே ஆளிடம் பலமுறை காட்டினார். “இவர்களின் வயது என்ன?” என்று கேட்டால் கண் முகங்களிலேயே சுற்றியது. “இந்தக் குடும்பம் வசதியானதா?” என்று கேட்டால் மேசை நாற்காலிக்கும் உடைகளுக்கும் போனது. படம் ஒன்றுதான், மனத்தில் இருந்த கேள்வி வேறு. அறுவைக்குக் காத்திருப்பவரின் மனத்தில் இருப்பதோ ஒரே கேள்வி. தனக்கு என்ன ஆகப்போகிறது என்பதற்கு விடை தேடித்தான் அவர் கண் வார்டு முழுவதும் அலைகிறது.

அந்தப் பயணத்தின் முதல் கட்டம் ஒப்புதல் படிவம். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைச் சொல்லிப் பெற்ற ஒப்புதலே செல்லும் என்று வகுத்தது. படிவம் தமிழிலும் இருக்கிறது. ஆனால் வெள்ளெழுத்து விழுந்த 60 வயதுக்காரர், கண்ணாடி வீட்டில் இருக்க, பொடி எழுத்தில் அச்சான பக்கத்தை எப்படிப் படிக்கிறார் என்பது கையெழுத்தைப் பார்த்தால் தெரியாது. வாசிப்பில் கண் பின்னோக்கித் திரும்புவதும் ஒரே சொல்லில் நெடுநேரம் நிற்பதும் சிக்கலின் அடையாளங்கள். நீளமான சொற்களில் கண் ஒருமுறைக்கு மேல் நிற்கும். தமிழோ ஒட்டு மேல் ஒட்டாகச் சொல் நீளும் மொழி. அதில் ‘மேற்கொள்ளப்படவிருக்கும்’ போன்ற அலுவலகச் சொற்கள் வரிசையாக வந்தால் எந்த வாசகருக்கும் திணறல்தான். இன்னொரு சாத்தியமும் உண்டு: கண் பக்கத்தின் மேல் நிற்கவே நிற்காமல், சிஸ்டரின் விரல் காட்டும் “இங்க போடுங்க ஐயா” என்ற இடத்துக்கு நேரே போய்விடலாம். பார்வைப் பதிவு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். படிக்கப்படாத படிவத்தை வைத்துக்கொண்டு ஒப்புதல் பெற்றோம் என்று எந்த மருத்துவமனையும் நிம்மதி கொள்ளக் கூடாது. கைநாட்டு வைப்பவரிடம் வாய்ச்சொல்லே ஒப்புதல் என்பதால், அங்கே பார்க்க வேண்டியது அவர் கண் சொல்பவரின் முகத்தில் இருக்கிறதா, கூட வந்த மகனின் முகத்தில் இருக்கிறதா என்பது.

அடுத்தது காத்திருப்பு. வயிற்றைக் காலியாக வைக்கச் சொல்லி, உச்சி வெயிலில் நாக்கு வறண்டு கிடப்பவருக்குச் சுவர்க் கடிகாரமும் தியேட்டர் கதவும்தான் உலகம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வளையல், மூக்குத்தி, கொலுசு, பல்செட் எல்லாம் கழற்றிக் கூட இருப்பவர் கையில் போய்ச் சேர்கின்றன. கூடவே மூக்குக்கண்ணாடியும். யாரும் பெரிதாக நினைக்காத இந்தச் சின்னச் செயல் நோயாளியின் உலகத்தை மாற்றிவிடுகிறது. ஏற்கெனவே முகக்கவசத்துக்குள் பாதி மறைந்த முகங்கள் அவருக்கு முழுக்க மங்கிப்போகின்றன. பார்வைத் தடமறிதலில் ஈடுபடுபவர்கள் இங்கே ஒரு தந்திரம் செய்தாக வேண்டும்: பதிவு செய்யும் வீடியோ தெளிவாக இருப்பதால், நோயாளிக்கும் அப்படித் தெரிந்தது என்று எண்ணிவிடாமல், அவர் கண்ணாடியின் பவர் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு படத்தை அந்த அளவுக்கு மங்கலாக்கிப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி விஷயம் வெறும் வசதிக்கானது அல்ல. முதியவர்களுக்கு அறுவைக்குப் பிறகு வரும் சித்தக் குழப்பத்துக்குப் பார்வைக் குறையும் காதுக் குறையும் அபாயக் காரணிகளாக இருக்கின்றன. நடுராத்திரியில் “இது எந்த ஊரு, என்னை எங்க கொண்டாந்து போட்டீங்க?” என்று டியூபைப் பிடுங்கும் தாத்தாக்களை எல்லா வார்டு ஊழியர்களும் அறிவார்கள். அமெரிக்காவில் ஷாரன் இனோய் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, வார்டில் சேரும் முதியவர்களுக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கிடைக்கச் செய்வது, பராமரிப்பவர் பெயரும் அன்றைய நிகழ்ச்சிநிரலும் எழுதிய பலகையை எதிரே வைப்பது, தூங்கவிடுவது போன்ற எளிய ஏற்பாடுகளால் இந்தக் குழப்பம் குறைந்ததைக் காட்டியது. பலகை வைத்தால் மட்டும் போதாது, அது படுத்திருப்பவரின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதைச் சொல்லத்தான் பார்வைப் பதிவு உதவும்.

ஸ்ட்ரெச்சர் நகரத் தொடங்கியதும் மருத்துவமனையே தலைகீழாகிறது. பார்வையாளர்களுக்காக வைத்த அறிவிப்புப் பலகைகள், காப்பீட்டுத் திட்டத்தின் சுவரொட்டிகள், வரவேற்பறைப் படங்கள் எல்லாமே நின்றுகொண்டிருப்பவரின் கண் மட்டத்தில் இருக்கின்றன. மல்லாந்து கிடப்பவருக்குக் கிடைப்பது கூரை: காரை பெயர்ந்த இடம், நீர்க்கசிவின் கறை, ஒட்டடை, வரிசையாகக் கடந்து போகும் ட்யூப்லைட்டுகள். ஓடும் விளக்கைக் கண் சற்றுத் தொடர்ந்து சென்று, சட்டென்று பின்வாங்கி அடுத்ததைப் பிடிக்கும். கண்ணின் இயல்பான அனிச்சைச் செயல் அது. கட்டடத்தைத் திட்டமிடுகிறவர்கள் ஒருமுறையாவது அந்த ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அதே வழியில் போய்வர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

தியேட்டர் வாசலில் மறுபடி மறுபடி பெயர், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய, 19 அம்சங்கள் கொண்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலின் பகுதி இது. உயிரைக் காக்கும் நடைமுறை. ஆனால் கேட்பவரின் கண் தாளில் இருந்து, நோயாளியின் கண் கேட்பவரின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கத்தில் எழும் எண்ணம் வேறு: “நான் யாருன்னே இவங்களுக்குத் தெரியலையோ?” ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி சொன்னால் தீரக்கூடிய அச்சம். கண்கள் ஒன்றை ஒன்று எப்படி இழுக்கின்றன என்பதை எனிட் மான்டேகு, ஓனுர் அசான் இருவரும் அமெரிக்காவில் 100 மருத்துவச் சந்திப்புகளை வீடியோ எடுத்து ஆராய்ந்தார்கள். கணினியைப் பயன்படுத்தும் மருத்துவர்கள் சந்திப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் திரையைப் பார்த்தார்கள். மருத்துவர் திரையைப் பார்த்தபோது நோயாளியும் அதையே பார்த்தார், அதில் உள்ளது அவருக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும்.

கண்ணே அறுவைக்களமாகும்போது இந்தக் கருவிக்கு வேலை இல்லை. 1934இல் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனையைக் கொண்ட திருச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நன்கு பழக்கமானது. கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் மருந்தோடு நடக்கும் இந்த அறுவையில் நோயாளி விழித்திருக்கிறார். முகத்தைத் துணி மூட, அறுக்கப்படும் கண் மட்டுமே திறந்திருக்கும். அந்தக் கண் என்ன காண்கிறது என்பதைச் சிங்கப்பூரில் ஆ இயோங் கா குவான் குழுவினர் நோயாளிகளிடமே கேட்டு அறிந்தார்கள். வெளிச்சம், நிறங்கள், அசைவுகள், சிலருக்கு மருத்துவரின் கையும் கருவியும்கூடத் தெரிந்திருக்கின்றன. அதைக் கண்டு அஞ்சியவர்களும் உண்டு. முன்கூட்டியே “இப்படியெல்லாம் தெரியும், பயப்பட வேண்டாம்” என்று சொல்லிவைத்தால் அச்சம் குறைகிறது என்பதும் பின்னர் அறியப்பட்டது. கருவியால் எட்ட முடியாத இடத்தில் பேச்சு எட்டியிருக்கிறது.

வார்டுக்குத் திரும்பிய பின் நோயாளியும் கூட இருப்பவரும் அதிகம் பார்க்கும் பொருள் என்னவென்று எந்தத் தமிழ்நாட்டு வார்டில் கேட்டாலும் ட்ரிப்ஸ் பாட்டில் என்பார்கள். தீரப்போகிறதா, சொட்டுகிறதா, தீர்ந்தால் காற்று உள்ளே போய்விடுமோ என்ற பயம். பாட்டில் காலியானதும் டியூபில் ரத்தம் சற்று மேலேறும். சிஸ்டருக்கு அது அன்றாடக் காட்சி; கையில் ஊசி ஏறியிருப்பவருக்கு அது மரண பயம். பார்வைப் பதிவு செய்த வீடியோவை மறுநாள் நோயாளிக்கே போட்டுக் காட்டிக் கேட்பது இந்த ஆய்வுமுறையின் மிக முக்கியமான பகுதி. “இந்த இடத்துல ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்களேம்மா, அப்ப என்ன நெனச்சீங்க?” என்ற கேள்விக்குத்தான் “அந்தக் குழாய்ல ரத்தம் ஏறுச்சு, யாரும் வரலையே” என்ற பதில் வெளிவரும். ‘திருப்தியா, இல்லையா’ என்ற கேள்வித்தாளில் அது வந்திருக்காது.

ஜன்னலைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வும் அறுவை நோயாளிகளைப் பற்றியதே. ரோஜர் உல்ரிக் 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் 1972க்கும் 1981க்கும் இடையே பித்தப்பை நீக்கம் செய்துகொண்ட 46 பேரை இரண்டிரண்டாக இணைத்துப் பார்த்தார். மரங்கள் தெரியும் ஜன்னலோரம் இருந்தவர்கள் சராசரியாக 7.96 நாளிலும், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். முதல் பிரிவினர் கடுமையான வலி மருந்துகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் ஜன்னலைப் பார்த்தார்கள் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. அந்த இடைவெளியை இப்போது நிரப்ப முடியும். மலைக்கோட்டை தெரியும் படுக்கையும் அடுத்த கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் தெரியும் படுக்கையும் ஒன்றா என்பதைத் திருச்சியிலேயே சோதிக்கலாம். ஜன்னலைவிடத் தலைமாட்டில் செருகிய ரங்கநாதர் படமோ வேளாங்கண்ணி மாதா படமோ கைபேசியில் பேரக்குழந்தையின் முகமோ கண்ணை அதிகம் இழுக்கக்கூடும்.

முறைக்கு எல்லைகளும் உண்டு. கண் நின்ற இடம் தெரியும். மனம் நின்ற இடம் தெரியாது. வலியில் கண்ணை மூடிக்கொண்டவரிடமிருந்து கருவி எதையும் பெறாது. கண்ணுக்கு இட்ட மையைக் கருவி கண்மணியென்று தவறாக எடுத்துக்கொள்ளும். முதுமையில் தொங்கிய இமை கண்மணியை மறைக்கும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருப்பதால், ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்கு வெயிலில் ஸ்ட்ரெச்சர் போகும்போது பதிவு அறுந்துபோகும்.

இவற்றைவிடப் பெரியது அடுத்தவரின் மானம். முன்பக்கக் கேமராவில் பக்கத்துப் படுக்கைக்காரர், உடை விலகிய நிலையில் இருப்பவர், அழுகிற உறவினர் எல்லாரும் பதிவாவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லித்தான் இத்தகைய ஆய்வைத் தொடங்க முடியும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. முகங்களை மறைத்துவிட்டே வீடியோவை ஆராய வேண்டும். ஒப்புதலை மயக்கம் தரும் மருந்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். பதிவில் வரும் சிஸ்டரையும் வார்டு உதவியாளரையும் தண்டிக்க அது ஒருபோதும் பயன்படக் கூடாது. ஒருவர் பல படுக்கைகளைக் கவனிக்கும் வார்டில், நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரம் இல்லாமல் போவது அந்த ஊழியரின் குற்றம் அல்ல.

இதே தொழில்நுட்பம் சிகிச்சைக்கு நேரடியாக உதவும் இடமும் உண்டு. பெரிய அறுவைக்குப் பின் தொண்டையில் குழாயோடு வென்டிலேட்டரில் இருப்பவரால் பேச முடியாது, கையும் கட்டுண்டிருக்கலாம். திரையில் தெரியும் சொல்லைக் கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்கும் கருவிகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணசைவால் இயங்கும் கருவிகளில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பிரதீப்தா பிஸ்வாஸ் குழு, சென்னை வித்யாசாகர் பள்ளியின் கடும் உடலியக்கக் குறைபாடுள்ள மாணவர்களோடு சேர்ந்து பணியாற்றியது. தமிழில் 247 எழுத்துகளையும் திரையில் பரப்பினால் கட்டம் சிறுத்துக் கண் நிலைகொள்ளாது. அதனால் எழுத்துகளைவிட ‘வலிக்குது’, ‘தண்ணி’, ‘மூச்சு முட்டுது’, ‘திரும்பிப் படுக்கணும்’, ‘மகனைக் கூப்பிடுங்க’ என்ற சில பெரிய கட்டங்களே முதல் நாளுக்கு ஏற்றவை. கருவி வாங்க முடியாத மருத்துவமனை அதே சொற்களை ஒரு கண்ணாடித்தாளில் பெரிதாக எழுதி, எதிரே பிடித்து நோயாளியின் கண் போகும் திசையைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். அதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.